இரண்டு கணினிகளில் ஒரே விடை: மிதவைப்புள்ளிக் கணக்கைக் கடைசி பிட் வரை ஒத்துவரச் செய்யும் முறை

உப்புவெளியில் சனிக்கிழமைகளில் நிரலாக்கம் படிக்க வரும் பிள்ளைகளுடன் சேர்ந்து, துறைமுக நீர்மட்ட வாசிப்புகளை ஒழுங்குபடுத்தும் சிறிய நிரல் ஒன்றை சீ மொழியில் எழுதினோம். திருகோணமலையில் வற்றுப்பெருக்கின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் மில்லிமீற்றர் வரை எழுதி வைப்பது எங்கள் வழக்கம். இன்டெல் மடிக்கணினியில் நிரலை ஓட்டியபோது ஒரு கோப்பு வந்தது. அதே நிரலும் அதே உள்ளீடும் ‘ராஸ்பெரி பை’ என்ற சிறிய கணினியில் வேறொரு கோப்பைத் தந்தன. சில வரிகளில் ஒரு மில்லிமீற்றர் கூடக்குறைய இருந்தது.

“பை பழுதாகிவிட்டது, அண்ணா” என்றான் ஒருவன். இல்லை, இரண்டு கணினிகளும் சரியாகவே கணக்குப் பார்த்திருந்தன. நாங்கள்தான் அவற்றிடம் இரண்டு வெவ்வேறு கணக்குகளைக் கொடுத்திருந்தோம்.

அந்த வித்தியாசத்தைத் தேடிப் பிடித்த ஒழுங்கிலேயே இதை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். நேரே ஒன்பதாம் படிக்குத் தாவி, சைன் கோசைனைக் குற்றஞ்சாட்டி, இரண்டு கிழமையை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வெவ்வேறு இனத்து இரண்டு புரொசெசர்கள் வேண்டும். ஒன்று இன்டெல் அல்லது ஏ.எம்.டி., மற்றது 64 பிட் ஏ.ஆர்.எம். ராஸ்பெரி பை போதும், எம் வரிசை மக்புக்கும் போதும். இரண்டாவது இல்லாதவர்கள் கியூ.இ.எம்.யு. என்ற போலிச்செயற்படுத்தியில் ஏ.ஆர்.எம். நிரலை ஓட்டலாம். அது மிதவைப்புள்ளிக் கணக்கை (தசமப் பின்னமுள்ள எண்களைக் குறித்த அளவு பிட்களுக்குள் வைத்துச் செய்யும் கணக்கை) மென்பொருளால் நியமப்படியே செய்து காட்டும். ஆமை வேகம்தான், ஆனால் பரிசோதனைக்கு உதவும்.

இரு பக்கமும் ஒரே கம்பைலர் (மூலநிரலைத் தொகுத்து இயங்கு கோப்பாக்கும் மென்பொருள்), ஒரே பதிப்பு இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஜி.சி.சி.யும் மறுபக்கம் கிளாங்கும் வைத்துக்கொண்டு தொடங்கினால், வித்தியாசம் புரொசெசரால் வந்ததா கம்பைலரால் வந்ததா என்று கடைசிவரை தெரியாது.

இனி, எதை நம்பலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஐ.இ.இ.இ. 754 நியமம் (1985, திருத்தங்கள் 2008, 2019) கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய ஐந்துக்கும் ஒரே ஒரு விடையைத்தான் அனுமதிக்கிறது. உண்மையான விடைக்கு மிக அருகிலுள்ள எண் எதுவோ அதற்கு மட்டந்தட்ட வேண்டும், சரிபாதியில் நின்றால் இரட்டைப் பக்கம் போக வேண்டும். இன்றைய புரொசெசர்கள் இதை மீறுவதில்லை. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சீனன்குடாவிலும் சிலியிலும் ஒரே 64 பிட்கள்தான் வரும். ஆகவே வித்தியாசம் இந்த ஐந்துக்குள் இருந்து வராது, அவற்றைச் சுற்றியுள்ள ஏதோ ஒன்றிலிருந்துதான் வரும். கீழுள்ள படிகள் அந்தச் சுற்றுப்புறத்தை ஒவ்வொன்றாக அடைப்பவை.

1. எந்த ‘ஒரே விடை’ வேண்டும் என்பதை எழுதி வையுங்கள்

கடைசி பிட் வரை ஒத்துவர வேண்டுமா, ஆறு தசம தானம் ஒத்துவந்தால் போதுமா? முதலில் இதைத் தாளில் எழுதுங்கள். படம் வரையவோ சராசரி பார்க்கவோ மட்டும் என்றால் பிட் ஒற்றுமையைத் துரத்துவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை.

பிட் ஒற்றுமை தேவைப்படும் இடங்கள் சிலவே. கோப்பின் கைரேகையை (உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் சுருக்க எண்ணை) ஒப்பிடும் இடங்கள், இரண்டு கணினிகளில் தனித்தனியே ஓடும் விளையாட்டு ஒரே நிலையில் இருக்க வேண்டிய இடங்கள், சிறு வித்தியாசம் படிக்குப் படி பெருகும் உருவகப்படுத்தல்கள், கணக்காய்வுக்குப் போகும் எண்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு: மிதவைப்புள்ளியே தேவைதானா? ரூபாய் சதமும் மில்லிமீற்றரும் முழு எண்கள். அவற்றை முழு எண்ணாகவே வைத்திருந்தால் இந்த வழிகாட்டியில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவைப்படாது. எங்கள் பிசகும் அங்கேதான் தொடங்கியது. அதைப் பன்னிரண்டாம் படியில் சொல்கிறேன்.

2. ஒரு கணினி தன்னோடு தான் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்

ஒரே கணினியில் நிரலைப் பத்துத் தடவை ஓட்டிப் பத்துக் கோப்புகளையும் ஒப்பிடுங்கள். இதைச் செய்யாமல் இரண்டாவது கணினிக்குப் போகிறவர்களே அதிகம்.

பத்தும் ஒன்றாக இல்லையென்றால் புரொசெசரைக் குறைசொல்ல இடமில்லை. தொடக்கப் பெறுமானம் கொடுக்காத மாறி, நேரத்தை விதையாகக் கொண்ட எழுமாற்று எண், இழைகள் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பகுதிகள்) முடியும் ஒழுங்கு ஆகியவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். இழைகளின் எண்ணிக்கையை ஒன்றாக்கி மீண்டும் ஓட்டுங்கள். அமைதியானால் பத்தாம் படி உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஒற்றை இழையிலேயே மேலே செல்லுங்கள்.

3. தசமத்தைப் பார்க்காதீர்கள், பிட்டைப் பாருங்கள்

பதினைந்து இலக்கத்தில் அச்சிட்டால் 0.3உம், 0.1 கூட்டல் 0.2உம் ஒன்றுபோலத் தெரியும். பதினேழு இலக்கத்தில் முதலாவது 0.29999999999999999, இரண்டாவது 0.30000000000000004. 64 பிட் எண்ணை மயக்கமின்றி அடையாளம் காட்டப் பதினேழு இலக்கம் வேண்டும். 32 பிட் எண்ணுக்கு ஒன்பது போதும்.

அதைவிட நல்லது, அந்த 64 பிட்களையும் ஒரு முழு எண்ணாகப் பிரதிசெய்து பதினறும முறையில் அச்சிடுவது. அச்சிடும் நூலகம் தானே மட்டந்தட்டும் சந்தேகமும் அதோடு தீர்ந்துவிடும். பிரதிசெய்யும்போது சுட்டியின் வகையை மாற்றி வாசிக்காதீர்கள், நினைவக நகல் கட்டளையைப் பயன்படுத்துங்கள். முதலாவது முறை சீ மொழி விதியை மீறுகிறது, கம்பைலர் அதைத் தன் விருப்பப்படி விளங்கிக்கொள்ளும்.

4. உள்ளீட்டை உறைய வையுங்கள்

உள்ளீட்டுக் கோப்பை இரு கணினிகளுக்கும் தனித்தனியே தயாரிக்காதீர்கள். ஒன்றில் தயாரித்து மற்றதற்கு நகலெடுங்கள். வாசித்த உடனேயே எல்லா எண்களையும் மூன்றாம் படியின்படி பிட்டாக அச்சிட்டு ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீடு தவறினால் கணக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம், வாசிக்கும் பகுதியில்தான் பிழை.

நேரத்தை மிதவைப்புள்ளியில் வாசிக்காமல் நிமிடமாகவோ வினாடியாகவோ முழு எண்ணில் வைத்திருங்கள்.

5. முதலில் பிரியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

கடைசி விடையை வைத்துக்கொண்டு யோசிப்பதில் பயனில்லை. நிரலின் நடுப்பகுதியில் எல்லா இடைநிலைப் பெறுமானங்களையும் பிட்டாக அச்சிட்டு இரு கணினிகளின் கோப்புகளையும் ஒப்பிடுங்கள். அங்கே ஒத்திருந்தால் பிரிவு பின்பாதியில், இல்லையென்றால் முன்பாதியில். இப்படிப் பாதிபாதியாக நெருங்கினால் ஆயிரம் வரி நிரலிலும் பத்துத் தடவைக்குள் ஒரு வரியில் வந்து நிற்பீர்கள்.

முதல் பிரிவுக்குப் பின்னால் வரும் நூறு வித்தியாசங்களையும் கண்டுகொள்ளாதீர்கள். அவை பெரும்பாலும் முதலாவதன் பிள்ளைகள்.

அச்சிடும் வரியைச் சேர்த்தவுடன் வித்தியாசம் மறைந்துவிட்டதா? நிரல் திருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. அச்சிடுவதற்காகக் கம்பைலர் அந்தக் கோவையை வேறுவிதமாக ஒழுங்கு செய்திருக்கிறது, அவ்வளவுதான். அது ஒரு தடயம், அடுத்த மூன்று படிகளில் ஒன்று உங்களுக்குரியது.

6. பெருக்கலையும் கூட்டலையும் ஒன்றாக்கும் கட்டளையை நிறுத்துங்கள்

இன்டெலுக்கும் ஏ.ஆர்.எம்.முக்கும் இடையே புதியவர்கள் காணும் வித்தியாசத்துக்கு நான் கண்டவரை பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே ஆறுதலாகப் படியுங்கள்.

அ பெருக்கல் ஆ, அதோடு இ கூட்டல் என்ற கோவையை இரண்டு கட்டளைகளில் செய்தால் இரண்டு தடவை மட்டந்தட்டப்படும். ஒன்றிணைந்த பெருக்கிக்கூட்டல் என்ற ஒற்றைக் கட்டளையில் செய்தால் ஒரே தடவைதான். இரண்டும் நியமத்துக்குட்பட்டவை. இரண்டாவது பெரும்பாலும் துல்லியம் கூடியதும்கூட. ஆனால் விடைகள் வேறு.

64 பிட் ஏ.ஆர்.எம். புரொசெசர்கள் அனைத்திலும் இந்தக் கட்டளை அடிப்படையிலேயே உண்டு. இன்டெலில் அது 2013இல் வந்த ஹஸ்வெல் தலைமுறையோடுதான் வந்தது. அதனால் சாதாரணமாகத் தொகுத்தால் ஜி.சி.சி. இன்டெல் பக்கம் அதைத் தொடாது, பழைய கணினிகளிலும் ஓட வேண்டுமே என்ற கவலை அதற்கு. ஏ.ஆர்.எம். பக்கம் அந்தத் தயக்கம் இல்லை, உங்களைக் கேளாமலே இணைத்துவிடும். ஒரே மூலநிரல் இரண்டு கணக்குகளாவது இப்படித்தான்.

கண்ணால் பார்க்க ஒரு சிறிய பரிசோதனை. ஒரே பெறுமானமுள்ள க, ங என்ற இரண்டு மாறிகளை எடுத்து, க வர்க்கத்திலிருந்து ங வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள். இரண்டுக்கும் 0.1 கொடுங்கள். தனித்தனிக் கட்டளைகளில் இரு பெருக்கங்களும் ஒரே விதமாக மட்டந்தட்டப்பட்டு விடை பூச்சியம் வரும். இணைத்தால் ஒரு பெருக்கம் மட்டந்தட்டப்படும், மற்றது முழுமையாக நிற்கும். மட்டந்தட்டப்பட்டது சற்றுப் பெரியது. ஆகவே மீதி ஏறத்தாழ −8.33×10⁻¹⁹. அதற்கு வர்க்கமூலம் கேட்டால் ‘இது எண் அல்ல’ என்று குறிக்கும் எண்ணல்லாப் பெறுமானம் வந்து நிற்கும், அது தொட்ட எல்லாக் கணக்கும் கெடும். கம்பைலர் மற்றப் பெருக்கத்தை இணைக்கத் தெரிவுசெய்தால் அதே மீதி நேர்ப்பெறுமானமாகி வர்க்கமூலம் ஏறத்தாழ 9.1×10⁻¹⁰ ஆகும். ஒரு வரிக்கு மூன்று விடைகள்.

இதைச் செய்து பார்க்கும்போது 0.1ஐ நிரலுக்குள்ளே எழுதிவிடாதீர்கள், விசைப்பலகையிலிருந்தோ கோப்பிலிருந்தோ வாசியுங்கள். உள்ளே எழுதினால் தொகுக்கும்போதே கம்பைலர் விடையைக் கண்டுபிடித்து வைத்துவிடும், புரொசெசரைச் சோதித்ததாகாது. என் வகுப்பில் பாதிப்பேர் இந்த இடத்தில் வழுக்கினார்கள்.

தீர்வு ஒரு வரி. ஜி.சி.சி.யிலும் கிளாங்கிலும் ‘எஃப்.எஃப்.பி. கொன்ட்ராக்ட்’ என்ற தெரிவுக்கு ‘ஓஃப்’ என்று கொடுங்கள். எல்லாக் கோப்புகளுக்கும், இரு கணினிகளிலும் கொடுங்கள். கிராபிக்ஸ் அட்டையில் குடா மொழியில் கணக்குச் செய்பவர்களுக்கும் இதே வேலை உண்டு. அதன் கம்பைலர் இயல்பாகவே இணைக்கும், ‘எஃப்.மேட்’ என்ற தெரிவால் நிறுத்த வேண்டும்.

பொதுவான பிழைகள் இரண்டு. மூலநிரலில் ‘இணைக்காதே’ என்ற பிரக்மா (கம்பைலருக்கு எழுதும் குறிப்பு) வரியை எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பது முதலாவது; கிளாங் அதற்குக் கீழ்ப்படியும், ஜி.சி.சி. அதைக் கண்டுகொள்ளாது. இன்டெல் பக்கம் வேகத்துக்காக ‘எம்-ஆர்ச் நேட்டிவ்’ தெரிவைச் சேர்ப்பது இரண்டாவது. அது இந்தக் கணினிக்கென்றே தொகு என்ற கட்டளை. ஹஸ்வெலுக்குப் பிந்திய கணினியில் அது இணைக்கும் கதவைத் திறந்துவிடும், அப்போது உங்கள் இன்டெல் கணினிகளே தங்களுக்குள் சண்டைபிடிக்கும்.

7. ‘ஃபாஸ்ட் மெத்’ தெரிவு எங்கும் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள்

‘எஃப்-ஃபாஸ்ட்-மெத்’, அல்லது அதைத் தன்னுள் அடக்கிய ‘ஓ-ஃபாஸ்ட்’. இந்தத் தெரிவு, கூட்டலின் ஒழுங்கை மாற்றவும் வகுத்தலைப் பெருக்கலாக்கவும் எண்ணல்லாப் பெறுமானம் வரவே வராது என்று கருதவும் கம்பைலருக்கு உரிமை கொடுக்கிறது. உரிமையை அது ஒவ்வொரு புரொசெசருக்கும் ஒவ்வொரு விதமாகப் பயன்படுத்தும்.

உங்கள் கட்டளையில் இல்லாவிட்டாலும், நீங்கள் சேர்த்த நூலகத்தில் இருக்கலாம். ஜி.சி.சி.யின் பழைய பதிப்புகளில் இந்தத் தெரிவோடு உருவாக்கிய பகிர்வு நூலகம் ஏற்றப்பட்டவுடன், மிகச் சிறிய எண்களைப் பூச்சியமாக்கும் புரொசெசர் அமைப்பையும் மாற்றிவிடும். அந்த மாற்றம் ஏற்றிய இழையின் எல்லாக் கணக்கையும் பாதிக்கும். வீட்டுக்கு வந்த விருந்தாளி மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போன மாதிரி.

இன்டெலின் சொந்தக் கம்பைலரைப் பயன்படுத்துபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதன் இயல்புநிலையே வேகப் பக்கம் சாய்ந்தது. துல்லிய முறையைக் கேட்டு வாங்க வேண்டும்.

8. 32 பிட் கணினி இருந்தால் மட்டும்

பழைய 32 பிட் இன்டெல் தொகுப்புகளில் கணக்கு 80 பிட் பதிவேடுகளில் நடக்கும், நினைவகத்துக்குப் போகும்போது 64 பிட்டுக்குச் சுருங்கும். எப்போது போகும் என்பது கம்பைலரின் கையில். 64 பிட்டிலேயே கணக்குச் செய்யும் எஸ்.எஸ்.இ.2 கட்டளைகளைப் பயன்படுத்தும்படி தெரிவு கொடுங்கள், தீர்ந்தது. 64 பிட் தொகுப்பில் அதுவே இயல்பு.

‘லோங் டபிள்’ வகையை எங்கும் பயன்படுத்தாதீர்கள். லினக்ஸ் இன்டெலில் அது 80 பிட், லினக்ஸ் 64 பிட் ஏ.ஆர்.எம்.மில் 128 பிட், விண்டோஸின் விசுவல் சீயிலும் ஆப்பிளின் ஏ.ஆர்.எம்.மிலும் வெறும் 64 பிட்.

9. சைனையும் கோசைனையும் உங்களோடு எடுத்துச் செல்லுங்கள்

ஆறாம் ஏழாம் படிகள் முடியாமல் இங்கே வராதீர்கள். ஏனென்றால் நீங்கள் சேர்க்கப்போகும் சைன் நூலகமும் பெருக்கலும் கூட்டலும்தான். இணைத்தலை நிறுத்தாவிட்டால் அதுவும் இரண்டு கணக்காகும்.

நியமம் அந்த ஐந்து செயல்களுக்கும் ஒரே விடையைக் கட்டாயப்படுத்துகிறது என்று சொன்னேன். சைன், கோசைன், மடக்கை, அடுக்குக்குறி ஆகியவற்றுக்குச் சரியான மட்டந்தட்டல் பரிந்துரை மட்டுமே. லினக்ஸின் ஜி.லிப்.சி., அல்பைன் என்ற லினக்ஸ் வகையில் உள்ள மசல், விண்டோஸ், ஆப்பிள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி நூலகம் இருக்கிறது. பெரும்பாலான பெறுமானங்களுக்கு அவை ஒத்துப்போகும், சிலவற்றுக்குக் கடைசி பிட்டில் பிரியும். ஜி.லிப்.சி. 2018இல் வெளியான 2.28 பதிப்பில் இவற்றுட் பலவற்றைப் புதிதாக எழுதியது. ஆகவே ஒரே கணினியில் இயங்குதளத்தைப் புதுப்பித்தாலும் விடை மாறலாம்.

பலர் அறியாத பொறி ஒன்று உண்டு. ஜி.லிப்.சி. ஓடும் நேரத்தில் புரொசெசரைப் பார்த்து, இணைந்த கட்டளை இருந்தால் அதற்கென எழுதிய சைனையும், இல்லையென்றால் சாதாரண சைனையும் தெரிவுசெய்யும். ஆகவே ஒரே இயங்கு கோப்பு, ஒரே லினக்ஸ், இரண்டு இன்டெல் மடிக்கணினிகள், ஒன்று 2012இல் வாங்கியது, மற்றது புதியது என்றாலும் பிரியலாம். கம்பைலர் தெரிவு எதுவும் இதைத் தொடாது.

வற்றுப்பெருக்குக் கணிப்பு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. சந்திரனால் வரும் எம்2 அலைக்கூறு மணிக்கு 28.9841042 பாகை, சூரியனின் எஸ்2 மணிக்கு 30 பாகை, கே1 15.0410686, ஓ1 13.9430356. ஒவ்வொன்றுக்கும் கோசைன் எடுத்து வீச்சால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 1970 முதல் மணித்தியாலம் எண்ணினால் எம்2இன் கோணம் இன்று ஒரு கோடியே நாற்பது இலட்சம் பாகைக்கு மேல். அதை அப்படியே ஆரையனாக்கிக் கோசைனுக்குக் கொடுப்பது புதியவர் வழக்கம்.

முதலில் கோணத்தை 360ஆல் வகுத்து மீதியை எடுங்கள். மிதவைப்புள்ளி மீதிச் சார்பின் விடை வரையறைப்படியே துல்லியமானது, அதில் மட்டந்தட்டல் இல்லை. ஆகவே எந்த நூலகத்திலும் ஒன்றுதான். பிறகு சிறிய கோணத்துக்கு மட்டும் கோசைன்.

அந்தக் கோசைன் எங்கிருந்து வர வேண்டும்? மசலின் கணிதப் பகுதி, ஓப்பன்லிப்எம் போன்றவற்றின் மூலநிரலை உங்கள் நிரலோடு சேர்த்து அதே தெரிவுகளோடு தொகுப்பது ஒரு வழி. சார்புகளின் பெயரை மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் இயங்குதள நூலகத்தின் சைனே உள்ளே நுழைந்துவிடும், நீங்கள் சேர்த்தது அலங்காரமாக நிற்கும். சரியாக மட்டந்தட்டும் கோர்-மெத் போன்ற நூலகத்தை எடுப்பது இன்னொரு வழி. சரியான விடை ஒன்றே ஒன்றுதான் என்பதால் அங்கே பிரிய வழியில்லை. ஜாவாக்காரர்களுக்கு ‘ஸ்ட்ரிக்ட் மெத்’ என்ற வகுப்பு ஏற்கெனவே இருக்கிறது.

10. கூட்டும் ஒழுங்கை நீங்களே தீர்மானியுங்கள்

0.1, 0.2, 0.3 ஆகியவற்றை இடமிருந்து கூட்டினால் 0.6000000000000001. கடைசி இரண்டையும் முதலில் கூட்டினால் 0.6. அடைப்பு இடம் மாறினால் விடை மாறும் என்பதைப் பிள்ளைகள் நம்பாமல் மூன்று தடவை செய்து பார்த்தார்கள்.

நான்கு இழைகள் கூட்டும்போது ஒரு பிரிப்பு, எட்டு இழைகளுக்கு வேறு பிரிப்பு. ஆகவே துண்டுகளை இழைகளின் எண்ணிக்கையால் பிரிக்காதீர்கள். ஒரு துண்டுக்கு 1024 எண்கள் என்று நிலையாக வையுங்கள். எந்த இழை எந்தத் துண்டைக் கூட்டினாலும் பரவாயில்லை. துண்டு விடைகளை அணியில் இட்டு, கடைசியில் ஒரே இழை வரிசைப்படி கூட்டட்டும். வேலையை இழைகளுக்குப் பகிரும் ஓப்பன் எம்.பி.யின் தானியங்கிக் கூட்டல் இந்த ஒழுங்குக்கு உறுதி தராது.

பைதன்காரர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ‘நம்பை’ என்ற எண்கணித நூலகம் புரொசெசரைப் பார்த்து உட்பகுதியைத் தெரிவுசெய்கிறது, அதன் அடியிலுள்ள அணி நூலகங்களும் அப்படியே. இன்டெலின் கணித நூலகமான எம்.கே.எல்.லில் எல்லாக் கணினிக்கும் ஒரே பாதையைக் கேட்க ஒரு சூழல் மாறி உண்டு, வேகம் குறையும். இரண்டாவது, பைதன் 3.12 முதல் சாதாரண ‘சம்’ கூட்டலே திருத்தக் கணக்கோடு கூட்டுகிறது. பத்துத் தடவை 0.1ஐக் கூட்டினால் பழைய பதிப்பில் 0.9999999999999999, புதியதில் 1.0. ஒழுங்கே பொருட்டில்லாத கூட்டல் வேண்டுமென்றால் கணித நூலகத்தின் ‘எஃப்-சம்’ இருக்கிறது.

11. ஓரத்துப் பெறுமானங்கள்

இவை அரிதாக வரும், வந்தால் நாள் முழுவதையும் தின்னும்.

பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் இன்டெல் தருவது மறைக்குறியுள்ள எண்ணல்லாப் பெறுமானம். ஏ.ஆர்.எம். தருவது நேர்க்குறியுள்ளது. லினக்ஸில் அச்சிட்டால் ஒன்றில் மறைக்குறி தெரியும், மற்றதில் தெரியாது. பிட் ஒப்பீட்டுக்கு முன் எல்லா எண்ணல்லாப் பெறுமானங்களையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

300 கோடியை 32 பிட் முழு எண்ணாக்கினால் இன்டெல் −2147483648 தரும், ஏ.ஆர்.எம். 2147483647இல் நிறுத்தும். சீ மொழி இதற்கு எந்த விடையையும் உறுதிசெய்வதில்லை. மாற்றும் முன் எல்லையைச் சோதிப்பது உங்கள் பொறுப்பு.

12. மட்டந்தட்டும் இடத்தையும் ‘எனில்’ இடத்தையும் கடைசியில் தேடுங்கள்

கடைசி பிட் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றராக எப்படி வளர்ந்தது? எங்கள் நிரல் இரண்டு வாசிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்துக்கு நீர்மட்டம் கண்டது: முதல் வாசிப்பில் 0.3 பங்கு, அடுத்ததில் 0.7 பங்கு. வாசிப்புகள் 0.610 மீற்றரும் 0.615 மீற்றரும் என்றால் விடை 0.6135, சரியாக அரை மில்லிமீற்றர் எல்லை. வாசிப்புகளுக்கிடையே 5 மில்லிமீற்றர் வித்தியாசம் வரும்போதெல்லாம் இப்படித்தான் நிற்கும். 0.613ஆ 0.614ஆ என்பதைக் கடைசி பிட் தீர்மானிக்கிறது. அந்தக் கடைசி பிட்டை ஏ.ஆர்.எம். பக்கம் இணைந்த கட்டளை தீர்மானித்தது.

“இன்னும் இரண்டு தானம் முன்னாலேயே மட்டந்தட்டினால் சரியாகிவிடும்” என்ற யோசனை வகுப்பில் உடனே வந்தது. இங்கே அது தற்செயலாகப் பலிக்கலாம். பொதுவாக எல்லையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவது மட்டுமே, பிரிவு அரிதாகும், ஆனால் ஒழியாது. அரிதாக வரும் பிழை அடிக்கடி வருவதைவிடப் பொல்லாதது.

நாங்கள் வாசிப்புகளை மில்லிமீற்றரில் முழு எண்ணாக்கினோம். 3 பெருக்கல் 610, 7 பெருக்கல் 615, கூட்டினால் 6135. பத்தால் வகுக்கும்போது பாதியை எந்தப் பக்கம் தள்ளுவது என்று நாங்களே ஒரு விதி எழுதினோம். அந்தப் பகுதிக்கு இணைத்தல் தெரிவே தேவைப்படவில்லை. கோசைன் பகுதிக்கு மட்டும் ஆறாம், ஒன்பதாம் படிகள் நின்றன.

உங்கள் நிரலில் பெரிது சிறிது பார்க்கும் ஒவ்வொரு ‘எனில்’ வரியும் இப்படியொரு எல்லைதான். அவற்றைப் பட்டியலிட்டு, இருபுறமும் சமமாகும் நிலையில் என்ன நடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள்.

13. மீண்டும் பிரியாமல் காவல் வையுங்கள்

சிறிய நிலையான உள்ளீடு ஒன்றும், அதற்குரிய விடையின் பிட்கள் அடங்கிய கோப்பும் நிரலோடு இருக்கட்டும். தொகுக்கும் ஒவ்வொரு தடவையும் இரு கணினிகளிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். உள்ளீட்டில் அரை எல்லையில் நிற்கும் வாசிப்புகளையும் பெரிய கோணங்களையும் வேண்டுமென்றே சேருங்கள். சாதுவான எண்கள் எதையும் காட்டிக்கொடுக்காது.

கம்பைலர் பதிப்பு, தெரிவுகள், கணித நூலகப் பதிப்பு ஆகிய மூன்றையும் விடைக்கோப்பின் முதல் வரியில் எழுதிவிடுங்கள். எங்கள் பையின் இயங்குதளத்தை ஒருவர் புதுப்பித்த சனிக்கிழமை, காவல் கோப்பு பிரிந்தது. முதல் வரியைப் பார்த்தோம்: நூலகப் பதிப்பு மாறியிருந்தது. பெயர் மாற்றாமல் விட்ட ஒரு கோசைன் அழைப்பு இன்னும் இயங்குதளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. தேநீர் ஆறுவதற்குள் திருத்திவிட்டோம்.